மேட்டு நிலத்தில் சோளமும் பயறும்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையின் ஓரங்களில் இப்படிப்பட்ட நிலங்களைப் பார்க்கலாம். ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் காடு, நடுவே சரிவில் கால் ஏக்கர், அரை ஏக்கர் துண்டு. முன்பு பால்மரம் (ரப்பர்) நின்ற இடம். இப்போது மரவள்ளியோ வாழையோ இருக்கும், இல்லாவிட்டால் இடுப்பளவு லாலாங் புல் நிற்கும். பீடோர், சுங்கை சிப்புட் பக்கமும் இதே கதைதான். இந்தத் துண்டில் என்ன போடலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது சோளம், அதாவது இனிப்பு மக்காச்சோளம். எழுபது நாளில் ஒடிக்கலாம், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அவித்தே விற்கலாம்.

சமதரையில் அந்த யோசனை சரி. சரிவில் சோளத்தை மட்டும் போட்டால், விதைத்த முதல் ஐந்து வாரம் வரிசைக்கு வரிசை மண் வெறுமையாகக் கிடக்கிறது. மாலை மழை ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், ஓடையில் இறங்கும் தண்ணீர் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்புதான் மேல் மண். தித்திவாங்சா மலைத்தொடர் கருங்கல் மலை. அதன் அடிவாரத்து மண் மணல் கலந்த களி, ரெங்கம் வகை என்பார்கள். புளிப்பு அதிகம், சத்துக் குறைவு, இருக்கிற சத்தும் மேலே ஒரு சாண் ஆழத்துக்குள்தான். அது இறங்கிப் போனால் எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் மூன்றாவது போகத்தில் சோளம் முழங்கால் உயரத்திலேயே மஞ்சளாகி நின்றுவிடும்.

சோளத்துக்கு நடுவில் பயறு போடச் சொல்வது இதற்காகத்தான். ‘பயறு காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துச் சோளத்துக்குக் கொடுக்கும், அதனால் உரமே வேண்டாம்’ என்று பலர் நம்பி இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கையோடு தொடங்கினால் ஏமாற்றம்தான். பயறின் வேர்முடிச்சுகள் சேர்க்கும் தழைச்சத்தைப் பெரும்பாலும் பயறே வைத்துக்கொள்கிறது. பக்கத்துச் சோளத்துக்கு அதே போகத்தில் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். பயறு வேறு விதத்தில் உதவுகிறது: மண்ணில் இருக்கிற தழைச்சத்துக்காகச் சோளத்தோடு அதிகம் போட்டி போடாது, நாலாவது வாரத்திலிருந்து தரையை மூடிவிடும், அறுத்தபின் மண்ணில் விட்டால் அதன் வேரும் இலையும் மக்கி அடுத்த போகத்துச் சோளத்துக்கு உணவாகும். எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. பால்மரக் கன்று வைத்த கையோடு கலப்பகோனியம், புவராரியா என்று கவர் கிராப் கொடி விதைத்ததும் மண்ணைப் பிடித்து வைக்கத்தான். அதையே சாப்பிடக்கூடிய பயிரில் செய்கிறோம்.

நிலம் யாருடையது, சரிவு எவ்வளவு

பாராங் கத்தியைத் தொடுவதற்கு முன் நிலத்தின் நிலைமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிராண்ட் (நிலப் பட்டா) உள்ள சொந்த நிலமா, எஸ்டேட் நிலமா, அரசாங்க நிலமா? எஸ்டேட் நிலம் என்றால் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். மண்டோர் (மேற்பார்வையாளர்) வாயால் சொன்னது மறுநடவு நாளில் செல்லாது. அரசாங்க நிலம் என்றால் டிஓஎல் என்கிற தற்காலிக உரிமம் வேண்டும். இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநில அரசு ‘மலை நிலம்’ என்று அறிவித்த இடத்தில் குறுகிய காலப் பயிர் போட, சொந்த நிலமாக இருந்தாலும், உரிமம் எடுக்க வேண்டும். சோளமும் பயறும் குறுகிய காலப் பயிர்கள். மாவட்ட நில அலுவலகத்தில் லாட் எண்ணைக் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள்.

சரிவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், கண் ஏமாற்றும். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி ஒன்று, பாதி தண்ணீர் நிரப்பிய சின்ன பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று போதும். குச்சியின் ஒரு முனையை மேட்டுப் பக்கத் தரையில் ஊன்றி, மறுமுனையைப் பள்ளத்துப் பக்கம் நீட்டுங்கள். பாட்டிலைக் குச்சிமேல் படுக்க வைத்துத் தண்ணீர் மட்டமாகும்வரை முனையை ஏற்றி இறக்குங்கள். நீட்டிய முனையிலிருந்து தரைக்கு உள்ள உயரத்தை அளந்தால் சரிவு தெரிந்துவிடும். 18 செ.மீ. என்றால் 10 டிகிரி, 27 செ.மீ. என்றால் 15 டிகிரி, 47 செ.மீ. என்றால் 25 டிகிரி. நிலத்தில் ஐந்தாறு இடத்தில் அளந்து, அதிகமான அளவைக் கணக்கில் எடுங்கள்.

10 டிகிரிக்குள் இருந்தால் இந்தக் கட்டுரையில் வரும் எல்லாம் பொருந்தும். 10 முதல் 15 வரை உயிர்வேலி (மண்ணைப் பிடிக்கச் சரிவுக்குக் குறுக்கே நடும் புல் வரிசை) கட்டாயம், நிலக்கடலை வேண்டாம் (காரணம் பின்னால் வருகிறது). 15க்கு மேல் படிக்கட்டாக வெட்டாமல் வருடாவருடம் சோளம் போடக்கூடாது. அங்கே பழமரம் வைப்பது நல்லது. 25க்கு மேல் விட்டுவிடுங்கள், அது காட்டுக்குரிய இடம்.

சமவரி போடுதல்

வரிசை எல்லாம் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். இதில் சோம்பல்பட்டால் மற்ற வேலை அத்தனையும் வீண். மேலிருந்து கீழாக வரிசை போட்டால் ஒவ்வொரு வரிசையும் ஒரு வாய்க்கால். ‘வெயில் பார்த்துக் கிழக்கு மேற்காகப் போட வேண்டாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. நாம் பூமத்திய ரேகையிலிருந்து நாலு டிகிரி தள்ளித்தான் இருக்கிறோம், சூரியன் உச்சியில்தான் போகிறது. வரிசை எந்தத் திசையில் இருந்தாலும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் வராது. அதனால் தயங்காமல் மட்டத்தைப் பின்பற்றலாம்.

மட்டம் பார்க்க ஒரு கவைச் சட்டம் செய்துகொள்ளுங்கள். 2 மீட்டர் கம்பு இரண்டு, 1.3 மீட்டர் கம்பு ஒன்று, கயிறு, முட்டை அளவு கல். நீளக் கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை 2 மீட்டர் அகலத்துக்கு விரித்து, குறுக்குக் கம்பை நடுவில் கட்டுங்கள். உச்சியிலிருந்து கல்லைக் கயிற்றில் தொங்க விடுங்கள், கல் குறுக்குக் கம்புக்குக் கீழே தொங்க வேண்டும். இனி இதற்கு நடு அடையாளம் பிடிக்க வேண்டும். இரண்டு கால்களும் நிற்கும் இடத்தில் முளை அடித்து, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். சட்டத்தைத் திருப்பி, இடது கால் நின்ற முளையில் வலது காலை வைத்து மறுபடியும் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் சரியான நடுதான் மட்டம். காற்று அடிக்கும் நேரத்தில் செய்யாதீர்கள், கல் ஆடிக்கொண்டே இருக்கும்.

நிலத்தின் ஒரு ஓரத்தில் முதல் காலை ஊன்றி, கயிறு நடுக்கோட்டைத் தொடும்வரை அடுத்த காலை மேலும் கீழும் நகர்த்துங்கள். தொட்ட இடத்தில் ஒரு முளை. அந்த முளையில் முதல் காலை வைத்து அடுத்த அடி. 20 மீட்டர் அகலத்துக்குப் பத்து முறை வைத்தால் போதும். முளைகளை எட்டி நின்று பார்த்து, தனியாகத் துருத்திக்கொண்டிருக்கிற ஒன்றிரண்டை மட்டும் சற்று நகர்த்தி வளைவைச் சீராக்குங்கள்.

இப்படி 5 மீட்டருக்கு ஒரு சமவரி. ஒவ்வொரு வரியிலும் அரை மீட்டர் அகலத்துக்கு உயிர்வேலி. பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவில் 1970களில் உருவான சரிவு விவசாய முறையிலும் 4 முதல் 6 மீட்டருக்கு ஒரு வேலிதான். 10 டிகிரிக்குள் செராய் (எலுமிச்சைப் புல்) போதும், 30 செ.மீ.க்கு ஒரு தூர். சமையலுக்கும் ஆகும், விற்கவும் செய்யலாம். அதற்கு மேல் சரிவு என்றால் வெட்டிவேர், 15 செ.மீ.க்கு ஒரு தூர், இடைவெளி விடாமல். செராய் வேர் மேலாகப் பரவும், வெட்டிவேர் நேராகக் கீழே இறங்கும், அந்த வேறுபாடுதான் காரணம். வேலி பிடிக்க மூன்று மாதம் ஆகும் என்பதால், முடிந்தால் சோளத்துக்கு ஒரு போகம் முன்பே நட்டுவிடுங்கள்.

மண்

நிலத்தை முழுக்கக் கொத்திப் புரட்டாதீர்கள். லாலாங்கை வெட்டிச் சாய்த்து, அதன் வெள்ளைத் தண்டுக்கிழங்கை மட்டும் தோண்டி எடுத்து வெயிலில் காய வையுங்கள். எரிக்க வேண்டாம். பயிர் வரும் வரிசையை மட்டும் ஒரு சங்கோல் (மண்வெட்டி) அகலத்துக்குக் கொத்தினால் போதும். கொத்தும்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். மேட்டைப் பார்த்து நின்று கொத்தி இழுத்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் மண் ஒரு முழம் கீழே இறங்குகிறது. மழையே பெய்யாமல் நாமே மண்ணை இறக்குகிறோம். பள்ளத்தைப் பார்த்து, குறுக்காக நின்று, மண்ணை மேல் பக்கம் இழுங்கள். முதுகு வலிக்கும், ஆனாலும் பழகிக்கொள்ளுங்கள்.

இந்த மண்ணின் பிஎச் பெரும்பாலும் 4க்கும் 5க்கும் நடுவில் இருக்கும். அந்தப் புளிப்பில் அலுமினியம் கரைந்து வேர்முனையைக் கருக்கும், பயறின் முடிச்சும் சரியாக உண்டாகாது. விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு ஜிஎம்எல் என்கிற மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத்தூள் சதுர மீட்டருக்கு 200 கிராம் தூவிக் கிளறிவிடுங்கள். 20க்கு 20 மீட்டர், அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஏக்கருக்கு, 80 கிலோ. சுண்ணாம்பையும் கோழி உரத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள். மூக்கைக் கரிக்கும் வாடை வந்தால் உங்கள் காசில் வாங்கிய தழைச்சத்து காற்றில் போகிறது என்று பொருள். மக்கிய கோழி உரம் 200 கிலோவை விதைப்புக்கு ஒரு வாரம் முன்பு வரிசையில் மட்டும் போடுங்கள். எஸ்டேட்டில் பழக்கமான ராக் பாஸ்பேட்டைப் பலர் இங்கேயும் போடுவார்கள். அது கரையப் புளிப்பு வேண்டும். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்த இடத்தில் அது அப்படியே கிடக்கும். இந்த முறைக்கு டிஎஸ்பி (டிரிபிள் சூப்பர் பாஸ்பேட்) வாங்குங்கள்.

ஜோடி வரிசை

சோளத்தைச் சம இடைவெளியில் 75 செ.மீ.க்கு ஒரு வரிசை போட்டு நடுவே பயறு விதைப்பதுதான் பலரும் செய்வது. ஐந்தாவது வாரத்தில் சோள இலை இரண்டு பக்கமும் மூடி, பயறு வெளிச்சத்துக்கு ஏங்கி நெடுநெடுவென்று வளர்ந்து, பூக்காமல் போகும். வரிசைகளை ஜோடி ஜோடியாக நெருக்கிவிட்டால் அதே எண்ணிக்கைச் சோளமும் இருக்கும், பயறுக்கு வெளிச்சமும் கிடைக்கும். இரண்டு சோள வரிசைக்கு நடுவே 60 செ.மீ., அடுத்த ஜோடிவரை 90 செ.மீ. அந்த 90 செ.மீ. சந்தில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு பயறு வரிசை. ஒரு ஜோடியும் ஒரு சந்தும் சேர்ந்து ஒன்றரை மீட்டர். இரண்டு வேலிக்கு நடுவில் உள்ள நாலரை மீட்டரில் இதுபோல் மூன்று அடங்கும். அதாவது ஆறு சோள வரிசை, ஆறு பயறு வரிசை. 20 மீட்டர் நீளத்துக்கு இப்படி நாலு பட்டை வந்தால் இரண்டிலும் 24 வரிசை.

சோளம் 25 செ.மீ.க்கு ஒன்று, வரிசைக்கு 80, மொத்தம் 1,920 செடி. விதை 400 கிராம் வாங்கினால் நட்டு, பட்டுப்போன இடத்தை நிரப்பவும் மிஞ்சும். இடம் குறைவு என்று ஒரே வரிசை சோளத்தை வேலி ஓரமாக நட்டுப் பார்க்காதீர்கள். சோளத்துக்குக் காற்றுதான் மகரந்தம் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நாலு வரிசையாவது இல்லாவிட்டால் கதிரில் பல் விழுந்த வாய்போல் மணிகள் இடைவிட்டு நிற்கும். பக்கத்து நிலத்தில் தீவனச் சோளம் இருந்தால் அதன் மகரந்தம் விழுந்து உங்கள் இனிப்புச் சோளம் மாவாகிவிடும். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்காதபடி மூன்று வாரமாவது தள்ளி விதையுங்கள்.

எந்தப் பயறு என்பதில்தான் நிலத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

கடலைக்கு இந்தப் பக்கம் எப்போதும் விலை உண்டு. மெங்லெம்பு கடலையும் ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தேயும் பேராக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நிழலையும் ஓரளவு தாங்கும், தரையோடு படர்ந்து மண்ணை நன்றாக மூடும். ஆனால் கடலையை எடுக்க வேண்டுமானால் மண்ணைத் தோண்டிப் பிடுங்க வேண்டும். மூன்று மாதம் காப்பாற்றிய மண்ணைக் கடைசி நாளில் கிளறிவிட்டு மழைக்குக் காட்டுகிறோம். அதனால்தான் 10 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்கிறோம். போடுவதானால் 15 செ.மீ.க்கு ஒரு பருப்பு, 400 சதுர மீட்டருக்கு 2 கிலோ. ஓட்டை நடும் அன்று உரித்தால் போதும், முன்கூட்டியே உரித்த பருப்பு முளைப்புத் திறனை இழக்கும்.

சரிவு கூடினால் தட்டைப்பயறு, கொடி ஓடாத குத்து வகை. 20 செ.மீ.க்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை, மொத்தம் 600 கிராம். காயைக் கையால் பறித்துக்கொண்டு செடியைத் தரையோடு அறுத்துவிடலாம், வேர் மண்ணிலேயே இருக்கும். பச்சைப்பயறும் இதேபோல்தான். 65 நாளில் முடிந்துவிடும், ஆனால் முற்றும் சமயத்தில் மழை பிடித்தால் காயிலேயே முளைத்துவிடும்.

நீளப் பயற்றங்காயை, கச்சாங் பாஞ்சாங் என்று மார்க்கெட்டில் கேட்பதை, சோளத்தோடு சேர்த்து ஒரே நாளில் விதைக்கவே கூடாது. அதன் கொடி இளம் சோளத்தைச் சுற்றி வளைத்துச் சாய்த்துவிடும். சோளத்துக்கு 35, 40 நாள் ஆனபின் இரண்டு சோளத்துக்கு ஒரு விதை என்று அடியில் ஊன்றுங்கள். கதிர் ஒடித்ததும் சோளத்தின் தலையை மட்டும் வெட்டிவிட்டுத் தட்டையை நிற்க விட்டால், அதுவே பந்தல் கம்பு. கம்பு வெட்டி, தூக்கி, ஊன்றும் செலவு அப்படியே மிச்சம்.

சோயாவைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. அதற்கு வேண்டிய நுண்ணுயிர் நம் மண்ணில் தானாக இருப்பது அரிது, வாங்கித்தான் விதையில் கலக்க வேண்டும். கடலை, தட்டை, பச்சைப்பயறுக்கு அந்தக் கவலை குறைவு. எஸ்டேட் கவர் கிராப் கொடிகளின் வேரில் வாழும் அதே கூட்டத்து நுண்ணுயிர்களே இவற்றுக்கும் முடிச்சுப் போடும்.

விதைப்பும் உரமும்

மேற்குக் கரையில் ஏப்ரல், மே ஒரு மழை. அக்டோபர், நவம்பர் ஒரு மழை. மார்ச் கடைசியிலோ செப்டம்பர் கடைசியிலோ, முதல் இரண்டு நல்ல மழை மண்ணை நனைத்தபின் விதையுங்கள். கடும் மழை தொடங்குவதற்குள் பயறு தரையைப் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

சோள விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசி வரும். அது அடிச்சாம்பல் நோய்க்கான மருந்து. கழுவிவிடாதீர்கள், மிஞ்சியதைக் கோழிக்குப் போடாதீர்கள், கையுறை போட்டு நடுங்கள். ஆழம் 3 செ.மீ. விதைக்குப் பக்கத்தில், மேட்டுப் பக்கமாக, ஐந்து விரற்கடை தள்ளிச் சின்னக் கோடு கீறி, 20 மீட்டர் வரிசைக்கு 500 கிராம் என்பிகே 15:15:15 போட்டு மூடுங்கள். கீழ்ப்பக்கம் போட்டால் மழை அதை இழுத்துக்கொண்டு போய்விடும். பயறு வரிசைக்கு டிஎஸ்பி 200 கிராம் மட்டும். பயறும் சோளமும் ஒரே நாளில் விதைக்கலாம், பயற்றங்காய்க்கு மட்டும்தான் காத்திருப்பு.

யூரியா சோளத்துக்கு மட்டும், வரிசைக்கு மொத்தம் 200 கிராம். பாதி 20ஆம் நாள், பாதி 35ஆம் நாள். மண்ணின் மேலே தூவிவிட்டுப் போகாமல் மூடிவிட வேண்டும். பயறுக்கு யூரியா போட்டால் இலை கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சத்து வெளியிலேயே கிடைக்கும்போது வேர் முடிச்சுப் போட மெனக்கெடாது, காயும் குறையும்.

30ஆம் நாள் ஒரு பயறுச் செடியைச் சங்கோலால் மண்கட்டியோடு தூக்கி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் வைத்து மண் தானாகக் கரையும்வரை விடுங்கள். ஆணிவேரைச் சுற்றிக் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே மாட்டிறைச்சி போன்ற இளஞ்சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, பத்து நாள் கழித்து வேறு செடியில் பாருங்கள். பச்சையோ பழுப்போ என்றால் அது முடிந்துபோனது. முடிச்சே இல்லாவிட்டால் பெரும்பாலும் புளிப்புதான் காரணம், சுண்ணாம்புக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். உருண்டை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்காமல் வேரே வீங்கியிருந்தால் அது முடிச்சே அல்ல, நூற்புழுக் கட்டி.

களையும் புழுவும்

முதல் ஐந்து வாரம் களையைக் கையாலும் சின்ன மண்வெட்டியாலும் எடுத்தாக வேண்டும், இரண்டு முறை. அதன்பின் பயறு பார்த்துக்கொள்ளும். மருந்துக் கடையில் ‘சோளத்துக்குக் களைக்கொல்லி’ என்று கேட்டால் பெரும்பாலும் அட்ரசின் எடுத்துக் கொடுப்பார்கள். தனிச் சோளத்துக்கு அது சரி. பயறு கலந்த இடத்தில் அடித்தால் ஒரு வாரத்தில் பயறு முழுக்கக் கருகும், அதன் மிச்சம் மண்ணில் தங்கி அடுத்த பயறையும் கெடுக்கும். புதியவர்களின் பயறு ஒட்டுமொத்தமாகப் போவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த எதிரி அமெரிக்கப் படைப்புழு. 2019இல் மலேசியாவுக்கு வந்து சேர்ந்தது, இனி போகாது. ஏழாவது நாளிலிருந்து வாரம் இரண்டு முறை, காலை ஏழு மணிக்குள், குருத்துக்குள் பாருங்கள். இலையில் கண்ணாடி போல் வெளுத்த சின்னச் சுரண்டல்கள் இருந்தால் புழு இப்போதுதான் பொரித்திருக்கிறது. குருத்தில் ஈர மரத்தூள் போல் எச்சம் குவிந்திருந்தால் அது பெரிதாகிவிட்டது. புழுவைக் குச்சியால் வெளியே எடுங்கள். தலையில் கவட்டையைத் தலைகீழாக வைத்ததுபோல் வெளிறிய கோடும், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இலையில் பஞ்சு மூடிய முட்டைக் கூட்டம் கிடைத்தால் அங்கேயே நசுக்குங்கள், ஒரு கூட்டத்திலேயே நூறுக்கு மேல் முட்டை இருக்கும். பெரிய புழுவுக்குக் குருத்தில் ஒரு சிட்டிகை பொடி மணல் அல்லது அடுப்புச் சாம்பல். நூறு செடியில் இருபதுக்கு மேல் தொட்டிருந்தால் ‘பிடி’ (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) என்று விற்கிற நுண்ணுயிர் மருந்து, அதுவும் புழு சின்னதாக இருக்கும்போது, வெயில் சாய்ந்த பிறகு. பகல் வெயிலில் அது செத்துவிடும். பயறில் வந்து தங்கும் சிலந்திகளும் குளவிகளும் கொஞ்சம் உதவும். கண்ட மருந்தை அடித்தால் அவைதான் முதலில் போகும்.

பயறில் கருப்பு அசுவினி கொழுந்தை மொய்க்கும், பின்னாலேயே எறும்பு வரும். தொடக்கத்தில் விரலால் நசுக்கினாலே அடங்கும். இளம் செடி திடீரென்று வாடி, அடித்தண்டு வீங்கி வெடித்திருந்தால் தண்டு ஈ. அடியில் மண் அணைத்தால் சில செடிகள் புது வேர் விட்டுப் பிழைக்கும்.

காட்டை ஒட்டிய நிலத்தில் புழுவைவிடப் பெரிய நஷ்டம் காட்டுப்பன்றி. கதிரில் பால் பிடிக்கும் வாரத்தில்தான் வரும், ஒரே இரவில் ஒரு பட்டையைச் சாய்த்துவிடும். பழைய தகரத்தை இடைவெளியில்லாமல் மார்பளவு சுற்றிக் கட்டுவது ஓரளவு நிற்கும், அடியை மண்ணில் ஒரு சாண் புதைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் இழுத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செராய் வெட்ட வரும் அக்காவோ, பந்து தேடி வரும் பிள்ளையோதான் அதில் மாட்டுவார்கள். வேலி மின்சாரம் வேண்டுமென்றால் அதற்கென்றே விற்கிற, விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் பெட்டிதான் சரி.

அறுவடையும் அதன் பிறகும்

சோளப்பட்டு வெளியே வந்த நாளைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து 18 முதல் 21 நாளில் ஒடிக்கலாம். பட்டு காய்ந்து பழுப்பாகியிருக்கும். சந்தேகமிருந்தால் மேல் தோலைக் கொஞ்சம் கீறி, ஒரு மணியை நகத்தால் குத்துங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் இன்னும் மூன்று நாள், பால் வந்தால் இன்றே, மாவாக வந்தால் தாமதம். விடியற்காலையில் ஒடித்து நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் இனிப்பு மணிக்கு மணி குறையும்.

இரண்டையும் சேர்த்துப் போட்டதில் லாபமா என்பதைச் சோளத்தை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: அதே 400 சதுர மீட்டரில் சோளம் மட்டும் போட்டால் 1,500 கதிர், கடலை மட்டும் போட்டால் 80 கிலோ என்று. சேர்த்துப் போட்டதில் 1,350 கதிரும் 32 கிலோ கடலையும் வந்தால், சோளத்தில் 0.9, கடலையில் 0.4. கூட்டினால் 1.3. அதாவது தனித்தனியாகப் போட்டு இதே அளவு எடுக்க 520 சதுர மீட்டர் வேண்டியிருக்கும். கூட்டல் 1க்குக் கீழே வந்தால் எதிலோ தவறு. பெரும்பாலும் பயறு நெருக்கமாகிவிட்டது, அல்லது சோளத்துக்கு யூரியா தாமதமாகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க, ஒரு பட்டையில் மட்டும் ஒரு ஓரமாகத் தனிச் சோளமும் தனிப் பயறும் ஐந்தைந்து மீட்டர் போட்டு எண்ணி, எடை போட்டு வையுங்கள்.

சோளத்தட்டையை எரிக்காமல் வெட்டி, உயிர்வேலியின் மேட்டுப் பக்கம் குறுக்காகப் படுக்க வையுங்கள். இறங்கி வரும் மண் அதில் தங்கும். பயறுச் செடியைத் தரையோடு அறுத்து, வரிசையிலேயே பரப்புங்கள். கடலைக்கொடியை மாட்டுக்குக் கொடுத்துவிட்டால் அந்தச் சத்து மாட்டோடு போய்விடும். மாட்டுச் சாணம் திரும்பி வந்தால் பரவாயில்லை. அடுத்த போகத்தில் முளைகளை அப்படியே வைத்துக்கொண்டு ஜோடி வரிசையை 75 செ.மீ. கீழே தள்ளுங்கள். பயறு நின்ற இடத்தில் சோளம் வரும், சோளம் நின்ற இடத்தில் பயறு. அப்போது யூரியாவின் முதல் பாதியைச் சற்றுக் குறைத்துப் பார்க்கலாம். கீழ் இலையின் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்கினால் குறைத்தது அதிகம்.

விதைக்கு, நன்றாகக் காய்த்த தட்டைப்பயறுச் செடிகளை முன்பே துணி கட்டி அடையாளம் வைத்து, காய் செடியிலேயே காய்ந்ததும் பறியுங்கள். உரித்து, மூன்று நாள் நிழலில் காயவைத்து, அடியில் அடுப்புச் சாம்பல் போட்ட மைலோ டின்னில் மூடி வைத்தால் அடுத்த போகம் வரை வண்டு அதிகம் தொடாது. கடையில் வாங்கும் இனிப்புச் சோளம் பெரும்பாலும் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) வகை என்பதால் அதன் கதிரை விதைக்கு வைக்காதீர்கள், அதை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.